ஜெசி அவிழ்க்கும்வரை

இந்தச் செவ்வாய்க்கிழமை உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் தோடம்பழம் உரித்தார். ஜன்னல் காற்றில் அந்தத் தோலின் வாசம் என் முகத்தில் வந்து அடித்தது. அதோடு கொஞ்சம் உப்பு வாசமும் வந்ததாக எனக்குத் தோன்றியது. உப்புக்கு ஏது வாசம் என்று விஞ்ஞான ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் கணித ஆசிரியன், எனக்கு அந்தக் கவலை இல்லை. தோடம்பழத்தை நாலாகப் பிளந்து, உப்புத் தடவி, அலுமினியச் சட்டியில் அடுக்கி, வேர்த்து நிற்கும் பெண்பிள்ளைகளிடம் நீட்டுகிற உலகத்தில் நான் இரண்டரை வருடம் இருந்திருக்கிறேன். எனக்குத் தோடம்பழம் என்றாலே உப்புத்தான்.

வேறொரு நாளாக இருந்தால் வாசத்தோடு விட்டிருப்பேன். அன்று சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது, அதில் காலையில் வந்த செய்தி ஒன்று இருந்தது.

“சேர், சுகமா இருக்கிறியளோ? வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு நேர்முகம். சின்னப் பிள்ளையளுக்குப் பாஸ்கற்போல் பழக்கிற வேலை. நான் விளையாடினதுக்கு எழுத்திலை ஏதாவது வேணுமாம். என்னட்டை ஒண்டும் இல்லை. பழைய ஸ்கோர் புத்தகத்திலை என்ரை பேர் கிடக்குமோ? ஜெசி.”

என்னட்டை ஒண்டும் இல்லை என்று அவள் எழுதியிருந்தாள். ஏன் இல்லை என்று எழுதவில்லை. அதற்குக் காரணம் நான்.

எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கொழும்புத்துறையில் அப்பா கடற்றொழிலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவர், இருவருக்கும் எழுத்து வராது. என்னுடைய தவணைப் புள்ளி அறிக்கைகளை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எண்பதுக்கு மேல் என்றால் நல்லது என்று மட்டும் தெரியும். அந்த எண்கள்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கும், பிறகு நகரத்தில் ஒரு மகளிர் கல்லூரிக்கும் கொண்டுபோய் விட்டன. ஒரு மனிதரைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் எண்ணில் இருக்கும் என்று நான் நம்பியதில் ஆச்சரியம் இல்லைத்தானே.

கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பாக இருந்த மிஸ் பிரசவ விடுமுறையில் போனபோது அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், உங்களுக்குக் கணக்குத் தெரியும். அப்ப ஸ்கோர் எழுதுவியள். மிச்சத்தைப் பயிற்றுநர் பாப்பார்.”

நான் அதுவரை ஒரு கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. முதல் போட்டியில் இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதுகூட எனக்குத் தெரியாது. பந்து கூடைக்குள் விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில், மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்த வாசுகி என்ற பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சேர், அது அவையின்ரை புள்ளி. கையைக் கீழை விடுங்கோ, எல்லாரும் பாக்கினம்.”

வாசுகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மைதானத்தில் நின்ற நேரத்தை விட வாங்கில் இருந்த நேரம் அதிகம். ஆனால் எங்கள் அணியின் தொண்டை அவள்தான். எதிரணியில் யார் இடக்கைக்காரி, யாருக்கு முழங்கால் நோ, யார் கோபம் வந்தால் பந்தை விட்டுவிடுவாள் என்பதெல்லாம் அவளிடம் மனப்பாடமாக இருக்கும். தோடம்பழம் வெட்டுவதும் அவள்தான். உப்பு எவ்வளவு போடுவது என்பதில் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

மைதானம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வெடித்த சீமெந்துத் தரை. ஒரு பக்கம் வேம்பு, அதன் பழம் விழுந்து தரை வழுக்கும். மற்றப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு ஏறுவதற்கு நாலு கற்படிகள். அந்தப் படிகளில்தான் ஜெசி இருப்பாள்.

ஜெசிந்தா குருநகர்ப் பிள்ளை. உயரம் நடுத்தரம், தோள் அகலம். கல்லூரியில் இரட்டைப் பின்னல் கட்டாயம். விளையாடும்போது பின்னல் சுழன்று மற்றவளின் கண்ணில் அடிக்கும். அதனால் இரண்டையும் மடித்து மேலே கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ரிபன் வேர்வையில் வழுக்கும், இறப்பர் அறும். ஜெசி வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்துகிற பச்சை நைலோன் நூல் கொண்டுவந்து ரிபனுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவாள். வலை பொத்துகிறவர்களின் முடிச்சு. நான் பார்த்த உடனே கண்டுபிடித்தேன். நாள் முழுக்க இழுபட்டாலும் அது வழுக்காது. அவிழ்ப்பதற்கு மட்டும் எந்த இழையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என்ன நடந்தது என்றால், போட்டி முடிந்ததும் எல்லோரும் மறுபடி ஜெசியிடம் வரிசையில் வர வேண்டும். அவள் இருந்த காலம் முழுக்க வேறு யாருக்கும் அந்த முடிச்சு வசப்படவில்லை. தோற்றாலும் வென்றாலும் அவள் அவிழ்க்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வெட்டலாம்தான். ஆனால் கத்திரிக்கோலைத் தலைக்குக் கிட்டக் கொண்டுவர எந்தப் பெண்பிள்ளை விடுவாள்? வாயிலில் வான் சாரதிகள் காத்திருப்பதும், அம்மாமார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன.

“ஜெசி, கெதியா அவிழடி, ரியூசனுக்கு நேரமாகுது.”

“அசையாதை. அசைஞ்சா இறுகும். இப்ப சொல்லு, ஏன் நீ அவளுக்குப் பந்து குடுக்கேல்லை?”

இது நிரோஜாவிடம் கேட்டது. பந்தை நடத்திக்கொண்டு போகிறவள் நிரோஜா. கூடைக்குள் போடுகிறவள் தர்சிகா, எங்கள் உயரமான பிள்ளை. இந்த இரண்டு பேரின் பெயரும் பத்திரிகையில் வரும். தலைவி யார் என்ற விடயத்தில் தொடங்கி, இரண்டு பேருக்கும் பாதி நாட்களில் கதை பேச்சு இல்லை. ஜெசி எப்போதும் இந்த இருவரையும் கடைசியாக, ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தித்தான் அவிழ்ப்பாள். அவர்களுடைய முடிச்சுகளை மட்டும் அவள் வேண்டுமென்றே இரட்டையாகப் போடுவாள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

நான் மேசையில் இருந்து புத்தகத்தில் கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். படியில் நடப்பது பெண்பிள்ளைகளின் தலைமுடி விவகாரம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் மாகாணப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பயிற்றுநர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பெயர்ப் பட்டியல் என் தலையில் விழுந்தது. படிவத்தில் பன்னிரண்டு வரிகள். பிள்ளைகள் பதின்மூன்று பேர். மாகாணச் சான்றிதழ் அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும். ஜெசிக்கு அது கடைசி வருடம். எட்டாம் வகுப்பிலிருந்து விளையாடுகிறாள், முந்திய வருடங்களில் அணி அந்தக் கட்டத்துக்குப் போனதில்லை. உடற்கல்வி ஆசிரியையாக வர வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். நேர்முகத்தில் சான்றிதழைத்தான் கேட்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஆசிரியர் அறையில் ஒரு ஓய்வுப் பாடவேளையில் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொருவரும் அந்தப் பருவத்தில் எடுத்த புள்ளிகளைக் கூட்டினேன். யாருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது என்று இரண்டு தரம் கூட்டினேன். கடைசியில் வாசுகிக்கு ஆறு, ஜெசிக்கு நாலு. வாசுகியின் ஆறில் இரண்டு, அவள் வேறு யாருக்கோ எறிந்த பந்து வழிதவறிக் கூடைக்குள் போனதால் வந்தது. இருக்கட்டும். ஆறு நாலை விடப் பெரிது. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த விடயம் அது ஒன்றுதான்.

பட்டியலை வாசித்தபோது ஜெசி சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “சரி சேர்” என்றாள். பிறகு வழமைபோலப் படியில் போய் இருந்து பன்னிரண்டு பேரின் தலையையும் கட்டினாள். நான் அதைப் பார்த்து, பக்குவமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்போல மடையன் வேறெங்கும் இருந்திருக்கமாட்டான்.

திங்கட்கிழமை படிவத்தை வலயக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை வடமராட்சியிலிருந்து ஒரு கல்லூரி சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வந்தது. பட்டியலில் உள்ளவர்கள்தானே பழக வேண்டும் என்று ஜெசியை வெளியே இருத்தினேன். முதல் பாதியில் தர்சிகா எங்கு போனாலும் ஒருத்தி ஒட்டிக்கொண்டு போனாள். எறிந்ததெல்லாம் விளிம்பில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை அவர்களின் உயரமான பிள்ளை ஒவ்வொரு முறையும் தனியே எழும்பி எடுத்தாள். மைதானத்தின் நடுவில் எங்கள் நட்சத்திரங்கள் இருவரும் வெளிப்படையாகவே தொடங்கிவிட்டார்கள்.

“நீ ஏன்டி தரேல்லை?”

“நீ எங்கை நிண்டனி? ஆகாயத்துக்கோ எறியிறது?”

இடைவேளையில் வாசுகி தோடம்பழச் சட்டியோடு என் முன்னால் வந்து நின்றாள். வழமையாக முதல் துண்டு எனக்குத்தான். அன்று சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“சேர், நீங்கள் என்ன செய்து வைச்சிருக்கிறியள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஏன், என்ன?”

“அவளை இறக்குங்கோ. இறக்கிப்போட்டுப் பந்தைப் பாக்காதேங்கோ. பந்தை எல்லாரும் பாப்பினம். அவளை மட்டும் பாருங்கோ.”

இறக்கினேன். பார்த்தேன்.

தர்சிகாவுக்குப் பின்னால் ஓடி வந்தவள் திடீரென்று ஒரு சுவரில் மோதியதுபோல் நின்றாள். சுவர் ஜெசி. கால் ஊன்றி, கைகளை நெஞ்சில் மடித்து, மோதலை வாங்கிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு கணத்தில் தர்சிகா தனியாக நின்று எறிந்தாள். இரண்டு புள்ளி, தர்சிகாவின் வரியில் எழுதினேன். அடுத்த முறை பந்து விளிம்பில் பட்டது. ஜெசி அதைப் பார்க்கவே இல்லை. அந்த உயரமான பிள்ளைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி, அவளை எழும்பவிடாமல் வைத்திருந்தாள். பந்து நிரோஜாவின் கையில் தானாக வந்து விழுந்தது. இவற்றுக்கெல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பென்சிலை எடுத்து அவளுடைய வெறும் வரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோடு போட்டேன். ஆட்டம் முடியும்போது இருபத்துமூன்று கோடுகள் இருந்தன. புள்ளி ஒன்றுமில்லை. நாங்கள் வென்றோம்.

அப்போது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக வலை இருந்ததில்லை. மற்றவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் கடலேரியில் இடுப்பளவு தண்ணீரில் தூரத்திலிருந்து கம்பால் அடித்து அடித்து மீனைக் கலைத்துக்கொண்டு வருவார். மீன் விழுவது வலைக்காரரின் வலையில். “இண்டைக்கு அவரின்ரை வலையிலை நல்ல மீன்” என்று கரையில் கதைப்பார்கள். அந்த வீட்டில் பிறந்த எனக்கு இது வாசுகி சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போகப் புறப்பட்டேன். வாயிலில் வாசுகி மறித்தாள்.

“என்ரை பேரை வெட்டிப்போட்டு அவளைப் போடுங்கோ, சேர். நான் வெளியிலை நிண்டு கத்துறன். கத்திறதுக்குப் பேர் தேவையில்லைத்தானே?”

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். கண் பகிடியாக இல்லை.

அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். என்னை இருக்கச் சொல்லி, தேநீர்கூடத் தந்தார். “தம்பி, பட்டியல் மேலை போயிட்டுது. இனி ஏலாது. காயம் எண்டு வைத்தியச் சான்றிதழ் இருந்தா மட்டும் மாத்தலாம்” என்றார். வாசுகிக்குப் பொய்யாக ஒரு காயம் எழுதுவிக்கலாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன். முடியவில்லை. அது நேர்மையா கோழைத்தனமா என்பது எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அந்தப் படிவத்தில் ‘அணி உதவியாளர்’ என்று ஒரு வரி மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் ஜெசியிடம் படியடியில் சொன்னேன்.

“ஜெசி, நான் பிழை விட்டிட்டன்.”

“ஓம் சேர்” என்றாள்.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவள் மேல் எனக்கு மரியாதை.

“உதவியாளரா வருவியோ?”

நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “வாறன். ஆனா பந்துப் பையை நான் தூக்கமாட்டன். அதை நீங்கள் தூக்குங்கோ.”

மாகாணப் போட்டி நடந்த வவுனியா வரைக்கும், அங்கிருந்து மைதானத்துக்கும், இரண்டு நாளும் பந்துப் பையை நான்தான் தூக்கினேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். மதியம் ஜெசி மாமரத்தின் கீழ் பன்னிரண்டு பேரையும் வரிசையாக இருத்தி, கட்டியதையெல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கடைசியில் தர்சிகாவும் நிரோஜாவும். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, நான் தூரத்தில் பையோடு நின்றேன். நடுவில் தர்சிகா அழுததும், நிரோஜா தன் தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டியதும் தெரிந்தது. அதன் பிறகு இரண்டு ஆட்டம் வென்றோம். மூன்றாம் இடம்.

சான்றிதழுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேர். ஜெசி சுவரோரம் நின்று எல்லோருக்கும் கைதட்டினாள். அவளுடைய கைகளில் மற்றவர்களின் கைக்கடிகாரங்கள் ஏழோ எட்டோ மாட்டியிருந்தன. பிறகு பஸ் வரும்வரை அவிழ்க்கும் வரிசை. ஒவ்வொருத்தியும் சான்றிதழை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். தர்சிகா மட்டும் தன்னுடையதைப் பின்பக்கமாக நீட்டினாள்.

“ஜெசி, இதை நீ வைச்சிரு.”

“விசரி, உன்ரை பேரெல்லோ கிடக்கு. நான் ஆரெண்டு காட்டுறது, தர்சிகா எண்டோ? என்ரை உயரத்துக்கு ஆர் நம்புவினம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த வருடம் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு அவள் தெரிவாகவில்லை. சான்றிதழ் இருந்திருந்தால் தெரிவாகியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் எனக்கு இந்தக் கேள்வி இருந்திராது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அந்தக் கல்லூரிக்குப் போனேன். நான் மாற்றலாகிப் போய் நாலு வருடம். மைதானத்துக்கு நீலமும் சிவப்புமாகப் பூச்சுப் பூசியிருந்தார்கள், வெடிப்பு ஒன்றுமில்லை. வேம்பு நின்றது. தொட்டியை எடுத்துவிட்டுக் குழாய்கள் பொருத்தியிருந்தார்கள், படிகளும் போய்விட்டன. இப்போது பொறுப்பாக இருக்கிற மிஸ் இளையவர், கலகலப்பானவர். அலுமாரியிலிருந்து பழைய ஸ்கோர் புத்தகத்தைத் தேடித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்தேன். ஜெசியின் வரி வெறுமையாக இருந்தது.

“இதிலை பென்சிலாலை கொஞ்சக் கோடுகள் இருந்தது…”

“ஓ, அதோ சேர்? போன வருசம் அடுக்கேக்கை பாத்தன். ஆரோ பிள்ளையள் கிறுக்கியிருக்கினம் எண்டு அழிச்சுப்போட்டன். புத்தகம் வடிவா இருக்கோணுமெல்லோ.”

அவர்மேல் பிழையில்லை. அவை என்ன என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. உதவியாளர் வரியில் ஜெசியின் பெயர் போட்ட படிவத்தின் பிரதியும் கிடைக்கவில்லை. அப்போதைய பொறுப்பாசிரியர் என்ற முறையில் நான் எழுதிக் கொடுத்தால் அதிபர் ஒப்பம் வைப்பார் என்று மிஸ் கேட்டு வந்து சொன்னார். ஒரு தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு வேம்படியில் வாங்கில் இருந்தேன்.

புள்ளிகள் நாலு என்று எழுதினேன். மாகாண அணிப் பட்டியலில் இவருடைய பெயர் இல்லை, அதை விட்டவன் நானே, அது என்னுடைய பிழை என்று எழுதினேன். அந்த ஒரு பாதி ஆட்டத்தில் நான் கண்ட இருபத்துமூன்றையும் ஞாபகம் உள்ளவரை ஒவ்வொன்றாக எழுதினேன். பதினாலுக்கு மேல் ஞாபகம் வரவில்லை. பதினாலு என்றே எழுதினேன். பிறகு அவளைத் தொலைபேசியில் எடுத்து வாசித்துக் காட்டினேன்.

“சேர், தலை கட்டினதையும் எழுதிப்போட்டியளோ?”

“எழுதினன்.”

“ஐயோ, சிரிப்பினம்.”

“சிரிக்கட்டும். நீ அவிழ்த்த கதையையும் எழுதியிருக்கிறன்.”

“சரி சேர்” என்றாள். இந்தமுறை அந்தச் சொல் வேறு மாதிரி இருந்தது. அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கலாம். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை.

கடிதத்தை மடிக்கும்போது பயிற்சி முடிந்து விசில் ஒலித்தது. பிள்ளைகள் பந்துகளைப் பையில் போட்டார்கள். இப்போது எல்லோருக்கும் தலையில் பட்டையான கறுப்பு இறப்பர் வளையம். ஒவ்வொருத்தியும் நடந்துகொண்டே கையை உயர்த்தித் தன்னுடையதைத் தானே ஒரே இழுப்பில் உருவினாள், கூந்தலை உதறினாள், சைக்கிளை எடுத்தாள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை, நிற்க வேண்டிய தேவையும் இல்லை. முன்பு அரை மணித்தியாலம் எடுக்கும். நான் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது மைதானத்தில் ஒருவரும் இல்லை.